ஸ்கேன் எடுக்கும் கால்நடை டாக்டர்களுக்கு: அந்தத் தாளில் இப்போது ஒன்றுமே இல்லை

நாய்க்கும் பூனைக்கும் வயிற்று ஸ்கேனும் இதய எக்கோவும் எடுக்கும் டாக்டர்களுக்கு, வணக்கம்.

இதை எழுதும்போது என் மேசையில் உள்ளங்கை அகலத்தில் ஒரு தாள் கிடக்கிறது. கடையில் பில் அடித்துத் தருவார்களே, அந்த மாதிரி வழவழப்பான தாள். ஒன்றரை வருடத்துக்கு முன்னால் இதில் என் நாய் மணியின் இதயம் இருந்தது. சாம்பல் நிறத்தில் விசிறி போல ஒரு வடிவம், நடுவில் கறுப்பாக இரண்டு மூன்று குழிகள், ஓரத்தில் பொடி எழுத்தில் ஏதோ எண்கள். இப்போது வெறும் வெள்ளை. சூட்டில் கறுத்து, நாள்பட வெளிறிப்போகிற ரகத் தாள் அது. பத்திரமாக இருக்கட்டும் என்று பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு ஃபைலில் வைத்தேன்; அந்த உறையே அச்சை இன்னும் சீக்கிரம் அழிக்கும் என்று பிறகுதான் தெரிந்தது. சரி, அது என் அறியாமை. ஆனால் ஒரு உயிரின் இதயத்தைப் பற்றிய ஒரே பதிவு அந்தத் தாள்தான் என்று முடிவு செய்தது நான் இல்லை.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மணி பாமரேனியன் கலப்பு. 9 வயதில் தடுப்பூசி போடக் கூட்டிக்கொண்டு போனபோது ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்த டாக்டர், “கொஞ்சம் மர்மர் இருக்கு, வயசாகுதில்ல” என்றார். நானும் தலையாட்டினேன். மர்மர் என்றால் இதயத் துடிப்போடு சேர்ந்து கேட்கும் இரைச்சல், அதில் 1 முதல் 6 வரை தரம் உண்டு, இவனுக்கு எத்தனையாவது தரம், எதுவும் எனக்குத் தெரியாது, அவரும் சொல்லவில்லை. சில மாதம் கழித்து ராத்திரியில் இருமல் ஆரம்பித்தது. சிரப். இருமல் போகவில்லை. இன்னொரு இடத்தில் எக்கோ எடுத்தால் தேவலை என்றார்கள், எடுத்தோம். விளக்கை அணைத்துவிட்டு நாலைந்து நிமிடம் பார்த்தார்கள், திரை சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தது, நான் மணியின் காலைப் பிடித்துக்கொண்டு அவன் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். “ஹார்ட் லேசா பெரிசா இருக்கு, பார்த்துக்கலாம்.” கையில் இந்தத் தாள். அவ்வளவுதான்.

ஏழு மாதம் கழித்து ஒருநாள் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து பார்த்தால் மணி படுக்காமல் உட்கார்ந்திருக்கிறான், முன்கால் இரண்டையும் அகட்டி, கழுத்தை நீட்டி, வயிறு துருத்தி துருத்தி மூச்சு வாங்குகிறது. நுரையீரலில் நீர் கோத்துவிட்டது. ஆக்சிஜன் பெட்டிக்குள் வைத்து, நீர் பிரிக்கும் ஊசி போட்டு, விடியும்போது கொஞ்சம் அடங்கியது. அந்த ராத்திரி இருந்த டாக்டர் அம்மா அப்புறம் உட்கார வைத்துக் கேட்ட முதல் கேள்வி: “முன்னாடி எடுத்த எக்கோவில் இடது மேலறை எவ்வளவு இருந்தது?” நான் இந்தத் தாளை நீட்டினேன். வாங்கி, விளக்குப் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். சாய்த்துப் பார்த்தார். திரும்ப என் கையில் கொடுத்துவிட்டார். ஒன்றும் சொல்லவில்லை.

டாக்டர்களே, என் ஆற்றாமை முழுவதும் அந்த நிமிடத்தில் இருக்கிறது. முதல் எக்கோ எடுத்தவர் தவறு செய்தார் என்று நான் சொல்ல வரவில்லை. சொல்லவும் முடியாது. அவர் பார்த்தபோது இதயம் மருந்து தொடங்க வேண்டிய அளவுக்குப் பெரிதாகியிருந்ததா, இல்லை “பார்த்துக்கலாம்” என்று சொல்கிற அளவுக்குத்தான் இருந்ததா என்பதை இனிமேல் யாராலும் சொல்ல முடியாது. அவர் சரியாகவே முடிவு செய்திருந்தாலும் அதற்குச் சாட்சி இல்லை.

இதற்குப் பிறகு நான் தேடித் தேடிப் படித்தேன், கேட்டேன். படித்ததில் என்னை அதிகம் உறுத்தியது எது என்று சொல்கிறேன். சின்ன ஜாதி நாய்களுக்கு வயதாக ஆக, இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருக்கும் மைட்ரல் வால்வு தடித்து, சுருண்டு, சரியாக மூடாமல் போகிற நோய் சர்வசாதாரணம். மர்மர் கேட்கும், நாய் ஓடும், சாப்பிடும், வருடக்கணக்கில் ஒன்றும் ஆகாது. அந்த வருடங்களுக்குள் ஒரு கோடு இருக்கிறது. கோட்டுக்கு இந்தப் பக்கம் பி1, அந்தப் பக்கம் பி2 என்று நீங்கள் பிரிக்கிறீர்கள். இரண்டிலும் மர்மர் உண்டு, இரண்டிலும் வெளியே தெரிகிற மூச்சுத்திணறல் இல்லை. இதயம் குறிப்பிட்ட அளவுக்குப் பெரிதாகிவிட்டதா என்பது மட்டும்தான் வித்தியாசம், அதைக் காதால் கண்டுபிடிக்க முடியாது, அளக்க வேண்டும். 2016-ல் வெளியான எபிக் ஆய்வில் மர்மர் மூன்றாம் தரத்துக்குக் குறையாமலும் இதயம் எக்கோவிலும் எக்ஸ்ரேயிலும் அளந்து பெரிதாகியும் இருந்த 360 நாய்களை எடுத்து, பாதிக்கு பிமோபெண்டான் என்ற இதய மருந்து, பாதிக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். மருந்து சாப்பிட்டவற்றுக்கு நோய் முற்றுவது ஏறக்குறைய 15 மாதம் தள்ளிப்போனது. ஒரு நாயின் ஆயுளில் 15 மாதம் எவ்வளவு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பலன் கோட்டைத் தாண்டியவற்றுக்குத்தான் காட்டப்பட்டது. இதயம் பெரிதாகாத நாய்க்கு அந்த மாத்திரையைக் கொடுக்கச் சொல்லி உங்கள் வழிகாட்டுதலும் சொல்லவில்லை.

இப்போது “லேசா பெரிசா இருக்கு” என்ற வாக்கியத்தை மறுபடி படித்துப் பாருங்கள். கோட்டுக்கு எந்தப் பக்கம்?

அந்தக் கோடு ஒன்றும் ரகசியமும் இல்லை. இடது மேலறையின் அகலத்தைப் பக்கத்தில் இருக்கும் பெரிய ரத்தக்குழாயான அயோர்ட்டாவின் அகலத்தால் வகுக்க வேண்டும், 1.6 அல்லது அதற்கு மேல் போனால் மேலறை பெருத்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறார்கள். இடது கீழறைக்கு எடையைக் கணக்கில் சேர்த்து இன்னொரு அளவு, அது 1.7. எக்ஸ்ரேயில் முதுகெலும்புக் கண்ணிகளையே அளவுகோலாக வைத்து இதயத்தின் நீளத்தையும் அகலத்தையும் எண்ணும் முறை 1995-லிருந்து இருக்கிறது, எவ்வளவு எளிய யோசனை பாருங்கள், நாய் பெரிதானால் அளவுகோலும் கூடவே பெரிதாகும். பெரும்பாலான நாய்களுக்கு பத்தரைக்குள் வரும். இதெல்லாம் மூன்று எண்கள். ஒரு சீட்டில் பேனாவால் எழுதினால் போதும். பேனா மை ஒன்றரை வருடத்தில் அழியாது.

எக்ஸ்ரே வேண்டாம், எக்கோ போதும் என்று வாதாடவும் நான் வரவில்லை. நுரையீரலில் நீர் கோத்திருக்கிறதா, இருமல் மூச்சுக்குழாயால் வருகிறதா என்று பார்க்க எக்ஸ்ரேதான் கை கொடுக்கும். இதயத்துக்குள்ளே வால்வு எப்படி அடிக்கிறது, ரத்தம் எந்தப் பக்கம் பீறிடுகிறது, சுவர் எவ்வளவு தடிமன் என்பதற்கு எக்கோ. ஒன்று வீட்டின் வெளிச்சுவரைக் காட்டுகிறது, இன்னொன்று உள்ளே ஆள் நடமாட்டத்தை. இதைக்கூட யாராவது முதலிலேயே சொல்லியிருந்தால், “இப்பதானே எக்ஸ்ரே எடுத்தோம், மறுபடி எதுக்கு” என்று நான் ஒருமுறை முகம் சுளித்திருக்க மாட்டேன்.

அந்த ராத்திரிக்குப் பிறகு, மணி தேறியதும், அதே டாக்டர் அம்மா முறையாக ஒரு எக்கோ எடுத்தார். அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் எப்படிச் செய்யக்கூடாது என்று மட்டும் எழுதுவது நியாயமில்லை. முதலில் ஒரு மேசை, அதில் ஒரு பக்கம் வளைவாக வெட்டி எடுத்திருந்தது. மணியை வலப்பக்கமாகப் படுக்க வைத்து, மார்பு அந்த வெட்டின் மேல் வருமாறு நகர்த்தி, ஒலி அலையை அனுப்பி எதிரொலியை வாங்கும் ப்ரோபை அடியிலிருந்து மேல்நோக்கி வைத்தார். ஏன் இப்படி என்றேன். படுத்த பக்கத்துக்கு இதயம் சரிந்து மார்புச் சுவரை ஒட்டும், நடுவில் இருக்கும் நுரையீரல் விலகும், நுரையீரல் முழுக்கக் காற்று, காற்றைத் தாண்டி இந்த ஒலி போகாது என்றார். முடியை ஏன் மழிக்கிறீர்கள் என்பதற்கும் அதே பதில்தான்: முடிக்குள்ளேயும் காற்று. ஜெல் எதற்கு என்பதற்கும் அதுவே. ஒரே ஒரு காரணம், மூன்று கேள்விக்கும் விடை. அதுவரை நான் முடி மழித்த இடத்தைப் பார்த்து முனகியிருக்கிறேன்.

அப்புறம் திரையை என் பக்கம் திருப்பினார். வட்டமாக ஒன்று, நடுவில் மூன்று கோடு சேர்ந்த கார் சின்னம் போல, இது அயோர்ட்டா. அதன் பக்கத்தில் வாலோடு திமிங்கலம் மாதிரி ஒன்று தெரிகிறதா, அதுதான் இடது மேலறை. திமிங்கலம் இவ்வளவு கொழுத்திருக்கக் கூடாது என்றார். படம் வேறு கோணத்துக்கு மாறியது, இரண்டு வெள்ளை நாக்குகள் படபடவென்று திறந்து மூடின, ஒன்றின் நுனி மட்டும் குமிழ் போலத் தடித்துப் பின்பக்கம் மடங்கியது. நிறத்தைப் போட்டார். நீலம், சிவப்பு, அப்புறம் மூடியிருக்க வேண்டிய நேரத்தில் பச்சையும் மஞ்சளும் கலந்து ஒரு பீறல். சிவப்பு நல்ல ரத்தம், நீலம் கெட்ட ரத்தம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன், நம்மில் பாதிப்பேர் அப்படித்தான் நினைப்போம். ப்ரோபை நோக்கி வருவது சிவப்பு, விலகிப் போவது நீலம், அவ்வளவே. இரட்டை விண்மீன்களின் நிறத்தைப் பற்றி யோசித்துக்கொண்டு 1842-ல் டாப்ளர் என்பவர் எழுதிய விதி, இன்று என் நாயின் வால்வில் எவ்வளவு ஒழுகுகிறது என்று காட்டுகிறது. அந்தப் பத்து நிமிடத்தில் எனக்குப் புரிந்தது, அதற்கு முன் இரண்டு வருடத்தில் புரியவில்லை. அன்றிலிருந்து ஒரு வேளை மாத்திரையைக்கூட நான் தவறவிட்டதில்லை. பயத்தால் இல்லை; அந்தப் பீறலைக் கண்ணால் பார்த்துவிட்டேன், மறக்க மாட்டேனென்கிறது.

கிளம்பும்போது ஒரு பென் டிரைவில் எல்லா அசைவுப் படங்களையும் போட்டுக் கொடுத்தார். ஒவ்வொன்றும் இரண்டு மூன்று துடிப்பு நீளம். கூடவே ஒரு பக்கத்தில் அளவுகள், அன்றைய எடை, மயக்கமருந்து கொடுத்தாரா இல்லையா, நாய் எவ்வளவு ஒத்துழைத்தது, அடியில் பார்த்தவர் பெயரும் கையெழுத்தும். இதைத்தான் கேட்கிறேன். இதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

கொஞ்சம் யோசித்தால் இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. 1953-ல் ஸ்வீடனில் லுண்ட் நகரத்தில் எட்லர் என்ற இதய மருத்துவரும் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலாளரும், உலோகத்தில் விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பதற்காகச் செய்த கருவியை இரவல் வாங்கி மனித இதயத்தின் மேல் வைத்துப் பார்த்தார்கள். எக்கோ அங்கேதான் தொடங்கியது. அவர்கள் பதிவு செய்தது அசைவை. முன்னும் பின்னும் போய்வருகிற எதிரொலியை ஓடும் ஃபிலிமில் பிடித்தார்கள். அந்தக் காலத்துக் கருவியிலேயே துடிப்பை எழுதி வைத்தார்கள். இன்றைக்கு அத்தனை வசதியும் இருக்கிற கருவியில் ஒரு நொடியை உறையவைத்து, அதையும் அழிகிற தாளில் கொடுத்து அனுப்புகிறோம். நிற்காமல் அடிப்பதற்குப் பேர்தான் இதயம், அதற்கு ஒரு நிழற்படம் எதற்கு?

பூனைகளைப் பற்றிச் சொல்லாவிட்டால் என் அக்கா என்னை விடமாட்டாள். அவள் பூனைக்கு மர்மரே இல்லை. கருத்தடைக்கு முன் பரிசோதித்தபோது சுத்தம், ஒவ்வொரு தடுப்பூசியின்போதும் சுத்தம். 6 வயதில் ஒரு மத்தியானம் திடீரென்று அலறல், பின்னங்கால் இரண்டும் இழுபட, பாதம் சில்லென்று இருந்தது. அடிபட்டிருக்கும் என்று நினைத்துத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அடி இல்லை. இதயத்தில் உருவான ரத்தக்கட்டி நகர்ந்து, பின்னங்கால்களுக்குப் பிரியும் இடத்தில் அடைத்துக்கொண்டது. அன்றைக்குத்தான் முதல் எக்கோ. கீழறைச் சுவர் 6 மில்லிமீட்டருக்கு மேல் தடித்தாலே சந்தேகம் என்பார்கள், அதற்கும் எவ்வளவோ மேலே. பூனை அன்றிரவு போய்விட்டது.

பூனைகளில் ஏறக்குறைய ஏழில் ஒன்றுக்கு இதயத்தசை தடிக்கும் இந்த நோய் இருக்கலாம் என்கிறது கணக்கு. அவற்றில் பெரும்பாலானவை ஒன்றும் ஆகாமல் வாழ்ந்து முடித்துவிடும் என்பதும் உண்மை, அதனால் எல்லாப் பூனைக்கும் எக்கோ எடுங்கள் என்று கூச்சல் போடுவது சரியில்லை, எனக்குத் தெரியும். ஆனால் ஸ்டெதஸ்கோப் பூனையிடம் இரண்டு பக்கமும் பொய் சொல்லும். மர்மர் இருக்கும், நோய் இருக்காது. நோய் இருக்கும், மர்மர் இருக்காது. இதை நீங்கள் எல்லோரும் படித்திருக்கிறீர்கள். அப்படியிருக்க, “ஹார்ட் நல்லா இருக்கு” என்று ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே சொல்லாமல், “கேட்ட வரைக்கும் ஒன்றும் தெரியவில்லை, பூனைக்கு இது போதாது” என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்? மெயின் கூன், ராக்டால் மாதிரி மரபணுவிலேயே இது வருகிற ஜாதிகளுக்கு, நீண்ட மயக்கத்துக்கு முன், சலைன் ஏற்றப்போகும் வயதான பூனைக்கு, ஒருமுறை பார்த்துக்கொள்ளலாமா என்று நீங்களே கேளுங்கள். எக்கோவுக்கு வழியில்லாத இடத்தில் ரத்தத்தில் இதயம் திணறுகிறதா என்று பார்க்கும் சோதனை ஒன்றும் இருக்கிறது. முடிவு எங்கள் கையில் இருக்கட்டும், கேள்வியாவது உங்களிடமிருந்து வரட்டும். சுவர் தடித்திருக்கிறது என்று தெரிந்தாலும் அத்தோடு விடாமல் தைராய்டையும் ரத்த அழுத்தத்தையும் பார்ப்பவர்கள் உங்களில் இருக்கிறார்கள், அந்த இரண்டுமே சுவரைத் தடிக்க வைக்கும் என்பதால். அவர்களுக்கு ஒரு கும்பிடு.

வயிற்று ஸ்கேனுக்கு வருவோம். இங்கே எனக்கு இருக்கிற பிரச்சினை “ஸ்கேன்” என்ற ஒரே சொல்தான். வண்டியில் அடிபட்டு வந்த நாயின் வயிற்றில் ரத்தம் தேங்கியிருக்கிறதா என்று நாலு இடத்தில் ப்ரோபை வைத்து ரெண்டு நிமிடத்தில் பார்ப்பதும் ஸ்கேன். கல்லீரல், பித்தப்பை, மண்ணீரல், சிறுநீரகம், சில மில்லிமீட்டரே தடிமனுள்ள அட்ரினல் சுரப்பி, குடலின் ஒவ்வொரு அடுக்கு என்று அரைமணி நேரம் தேடுவதும் ஸ்கேன். குட்டி இருக்கிறதா, அதற்குத் துடிப்பு இருக்கிறதா என்று பார்ப்பதும் ஸ்கேன். உங்களுக்கு மூன்றும் வேறுவேறு. எங்களுக்கு வெளியே வந்து எல்லோரிடமும் சொல்ல ஒரே வரிதான்: “ஸ்கேன் பண்ணியாச்சு, எல்லாம் நார்மல்.” அவசரத்துக்கு ரெண்டு நிமிடம் பார்த்தது, மூன்று மாதம் கழித்து, “அப்பவே ஸ்கேன்ல ஒன்னும் இல்லன்னாங்களே” என்று திரும்பி வந்து உங்களையே கடிக்கிறது. எதைத் தேடினீர்கள், எதைத் தேடவில்லை என்று ஒரு வரி எழுதிவிட்டால் உங்களுக்குத்தான் பாதுகாப்பு.

நார்மல் என்ற சொல்லும் அப்படித்தான். சிறுநீரகம் பார்க்க அழகாக இருந்துகொண்டே வேலை செய்யாமல் போகலாம், ஸ்கேன் உருவத்தைச் சொல்லும், உழைப்பைச் சொல்லாது, அதற்கு ரத்தமும் சிறுநீரும் வேண்டும். மண்ணீரலில் ஒரு கட்டி தெரிந்தால் அது சாதுவா கெட்டதா என்று படத்தை மட்டும் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது, ஊசியால் குத்தியோ வெட்டியோ எடுத்துப் பார்க்க வேண்டும். தெரிந்தவர் ஒருவருடைய நாய்க்குத் திரையில் கட்டியைப் பார்த்ததுமே “இது கேன்சர்தான்” என்று சொல்லிவிட்டார்கள். அவர் வீட்டில் ஒரு வாரம் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அறுவை செய்து எடுத்த கட்டி சாதாரணமானது என்று வந்தது. நாய் இன்னும் வாலாட்டுகிறது. அந்த ஒரு வாரத்தை யார் திருப்பிக் கொடுப்பார்கள்?

சின்ன விஷயங்களும் உண்டு, ஓடிக்கொண்டே சொல்கிறேன். வயிற்று ஸ்கேன் என்றால் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் சாப்பாடு கூடாது, சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் நல்லது, வாசலிலேயே காலைத் தூக்க விடாதீர்கள் என்று முதல்நாள் போனிலேயே சொல்லுங்கள், வந்த பிறகு “சாப்டுச்சா? அப்ப நாளைக்கு வாங்க” என்று சொல்லாதீர்கள். எவ்வளவு முடி மழிப்பீர்கள் என்று முன்கூட்டியே காட்டிவிடுங்கள். பயந்து நடுங்குகிற பூனையை நாலு பேர் சேர்ந்து அமுக்கிப் பிடிப்பதைவிட, வீட்டிலிருந்து கிளம்பும்போதே கொடுக்க லேசாக அமைதிப்படுத்தும் மருந்து எழுதித் தரலாம், நிறைய டாக்டர்கள் செய்கிறார்கள். இதில் கதிர்வீச்சு இல்லை, வலி இல்லை என்பதை அந்த வீட்டுக் குழந்தைகளுக்கும் கேட்கிற மாதிரி ஒருமுறை சத்தமாகச் சொல்லுங்கள்.

உங்கள் பக்கமும் எனக்குக் கொஞ்சம் தெரியும். மனித டாக்டர்களுக்கு நோயாளி மூச்சைப் பிடி என்றால் பிடிப்பார், திரும்பு என்றால் திரும்புவார். உங்கள் நோயாளி கடிப்பார். இரண்டு கிலோவும் வரும், அறுபது கிலோவும் வரும், ஒவ்வொன்றுக்கும் வேறு ப்ரோப், வேறு ஆழம். சின்ன உடம்புக்கு அதிர்வெண்ணைக் கூட்டினால் படம் துல்லியமாகும், பெரிய உடம்பில் அதே அலை உள்ளே போய்ச் சேராது. எக்கோவை ஒழுங்காக எடுக்கப் பழக வருடங்கள் ஆகும், இதயத்துக்கென்றே படித்தவர்கள் உங்களில் கைவிட்டு எண்ணும் அளவுதான். நாங்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. டாக்டர் எக்கோ சொன்னால் காசு பிடுங்கப் பார்க்கிறார் என்போம், சொல்லாவிட்டால் அலட்சியம் என்போம், இணையத்தில் அரைகுறையாகப் படித்துவிட்டு உங்களிடமே பாடம் நடத்துவோம். (இந்த மடலே அதற்கு அத்தாட்சி என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன்.)

அதனால்தான் எல்லோரும் நிபுணராக வேண்டும் என்று கேட்கவில்லை. “மேலறை பெரிதாகத் தெரிகிறது, எனக்கு இதற்கு மேல் உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை, இதயம் பார்ப்பவரிடம் அனுப்புகிறேன்” என்று ஒரு டாக்டர் சொன்னால் அவர் மேல் எனக்கு மரியாதை கூடும், குறையாது. நேரில் அனுப்ப முடியாவிட்டால் படத்தையாவது அனுப்பலாம். ஆனால் அனுப்புவதற்குப் படம் இருக்க வேண்டுமே! ஒழுங்காகச் சேமித்த அசைவுப் படத்தைத் தொலைவில் இருக்கிற ஒருவர் மறுநாள் நிதானமாகப் பார்த்து அளக்கலாம், நீங்கள் விட்டதை அவர் பிடிக்கலாம், ஆறு மாதம் கழித்து எடுப்பதோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். ஒரு எக்கோ வெறும் செய்தி, இரண்டு எக்கோ சேர்ந்தால்தான் நோய் எந்த வேகத்தில் போகிறது என்று தெரியும். முதலாவதை நீங்கள் அழித்துவிட்டால் இரண்டாவதும் பாதி வீண்.

இன்னொன்று, இதற்குக் கருவியே வேண்டாம். தூங்கும்போது மூச்சை எண்ணச் சொல்லிக் கொடுங்கள். மார்பு ஏறி இறங்கினால் ஒன்று, ஒரு நிமிடம் எண்ண வேண்டும், 30-க்குக் கீழே இருந்தால் பொதுவாக நிம்மதி, தொடர்ந்து அதற்கு மேல் போனால் உடனே போன். இதய நோய் இருக்கிற நாய்க்கும் பூனைக்கும் நுரையீரலில் நீர் சேர ஆரம்பிப்பதை வீட்டிலேயே முதலில் காட்டிக்கொடுப்பது இந்த எண்தான். மணிக்கு மர்மர் என்று சொன்ன அன்றைக்கு இதைச் சொல்லியிருக்கலாம். எக்கோ எடுத்த அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். ராத்திரி இரண்டு மணிக்கு நான் பார்த்த அந்த உட்கார்ந்த கோலத்துக்கு முன்னால், இரண்டு மூன்று நாளாவது எண் ஏறியிருக்கும் என்று அந்த டாக்டர் அம்மா சொன்னபோது, எனக்கு வந்த கோபம் யார் மேல் என்று இன்னும் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

இப்போது மணி சோபாவுக்குக் கீழே தூங்குகிறான். அந்த ராத்திரிக்கப்புறம் பதினோரு மாதம் ஓடிவிட்டது, நாலு விதமான மாத்திரை, படியேறுவதில்லை, பந்தைத் துரத்தப் பாதி தூரம் போய்விட்டு என்னை எடுத்துவரச் சொல்லிப் பார்க்கிறான். சற்றுமுன் எண்ணினேன், 22. நோட்டில் எழுதி வைத்தாயிற்று, பேனாவால்தான். அடுத்த எக்கோ வரும் மாதம். பழைய படங்கள் இருக்கிற பென் டிரைவை நான் கொண்டுவருகிறேன், அதில் இன்னும் நிறைய இடம் காலியாக இருக்கிறது.

இப்படிக்கு,
மணியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்